மாஸ்கோ உரிமை கேட்ட முத்திரை

“பன்னிரண்டு மணிச் செய்தி வரைக்கும்தான் டைம். அதுக்கப்புறம் அந்த அம்மா பேர் வெளியே போயிடும்” என்றார் போலீஸ் கேப்டன் துடா.

“டீயாவது கிடைக்குமா சார், இல்ல அதுவும் பன்னிரண்டு மணிக்கு அப்புறம்தானா?” என்றேன்.

கேப்டன் என்னை முறைத்தார். யாரினா மேடம் முறைக்கக்கூடத் தெம்பில்லாமல் ஒரு நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். முந்தின ராத்திரி முழுக்கச் சைரன். செர்னிஹிவ் நகரத்தில் தூங்கியவர் என்று யாருமே இல்லை. அருங்காட்சியகத்தில் கரண்ட் இல்லை, ஹீட்டர் இல்லை. வாசலில் ஜெனரேட்டர் மட்டும் யாரையோ திட்டிக்கொண்டே இருந்தது.

யாரினா ஹொலுப் முப்பது வருடம் போலீசில் துப்பறிந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்று பென்ஷன் ஆபீஸ்தான் நம்பிக்கொண்டிருக்கிறது. நான் ஸாவா. போருக்கு முன்னால் தலைநகர் கீவுக்கு மினி பஸ் ஓட்டினேன். போரில் காலுக்குள் ஒரு இரும்புத் துண்டை இலவசமாக வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். இப்போது மேடத்துக்கு வண்டி ஓட்டுகிறேன், வாயும் ஓட்டுகிறேன்.

விஷயம் இதுதான். போன கோடையில் இந்த அருங்காட்சியகத்துக்கு ஒரு ஈய முத்திரை வந்தது. பழைய நாணயம் அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் புனிதர் உருவம், மறுபக்கம் இரட்டை முனைச் சின்னம். பதுங்குகுழி தோண்டியபோது கிடைத்ததாம். தொள்ளாயிரம் வருடத்துக்கு முன் இந்த ஊரை ஆண்ட இளவரசனுடையது என்று பேப்பர்காரர்கள் கொண்டாடினார்கள். டிசம்பர் இருபத்திநான்காம் தேதி சாயங்காலம், ஊரே வீட்டில் கிறிஸ்துமஸ் விருந்துக்கு உட்கார்ந்திருந்த நேரம், அது பெட்டியில் இல்லை என்று தெரிந்தது.

புது வருடம் பிறந்தது. மாஸ்கோ டிவியில் ஒரு பேராசிரியர் அதன் புகைப்படத்தைக் காட்டினார். “எங்கள் முன்னோரின் முத்திரை இது. எங்கள் அரச வம்சத்தின் வேர் அந்த மண்ணில்தான் இருக்கிறது. வீட்டுச் சாமான் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது” என்றார். குரல் தழுதழுத்தது. கைக்குட்டையைக்கூட எடுத்தார்.

இதை வெளியூர்க்காரர்கள் பங்காளிச் சண்டை என்று சொல்வார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். தாத்தா சொத்துக்கு அடித்துக்கொள்ளும் பங்காளியை எனக்கும் தெரியும். அவன் கோர்ட்டுக்குப் போவான். வரப்பை வெட்டுவான். பிள்ளைகள் தூங்குகிற வீட்டுக் கூரைமேல் ராக்கெட் விடமாட்டான்.

“அந்த அம்மாமேல உங்களுக்கு ஏன் சந்தேகம்?” என்று கேட்டார் மேடம்.

“சந்தேகமா? நிச்சயம்” என்றார் கேப்டன். “பெட்டிச் சாவி ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு. ஒண்ணு துணை இயக்குநர் லுபோமிர். இன்னொண்ணு இந்தம்மா, காப்பாளர் இன்னா பெத்ரிவ்னா. லுபோமிர் அன்னைக்கு விருந்துக்கு வீட்டுல இருந்தார். இந்தம்மா மட்டும் தனியா இங்க உட்கார்ந்திருந்தாங்க. தங்கச்சி ரஷ்யாவுல, ப்ரியான்ஸ்க்ல இருக்கா. அதுக்கும் மேல, முத்திரை போலின்னு ஒரு வாரமா சொல்லிட்டுத் திரிஞ்சாங்க. நம்மளை ஏமாத்தி மதிப்பைக் குறைச்சுட்டு, அந்தப் பக்கம் அனுப்பிட்டாங்க.”

“விருந்து அன்னைக்கு ஏன் ஆபீசுக்கு வந்தாங்களாம்?”

கேப்டன் துருப்புச் சீட்டை இறக்குகிறவர் மாதிரிச் சிரித்தார். “அவங்க பண்டிகை இன்னும் வரலையாம். ஜனவரி ஆறுதான் அவங்களுக்கு. மாஸ்கோ தேதி.”

அதைக் கேட்டு நான்கூட ஒரு நிமிடம் வாயை மூடினேன். போன கிறிஸ்துமஸில்தான் எங்கள் சர்ச் நாட்காட்டியை மாற்றியது. மாஸ்கோ கொண்டாடும் நாளில் நாங்கள் கொண்டாடுவதா என்று டிசம்பருக்கு வந்துவிட்டோம். சரியான முடிவுதான். ஆனால் ஒரே தெருவில் ஒரு வீட்டில் விருந்து, எதிர் வீட்டில் விரதம் என்றாகி, யார் எந்த நாளில் சாப்பிடுகிறார்கள் என்று ஜன்னல் வழியாகப் பார்க்கிற புத்தி எல்லோருக்கும் வந்துவிட்டது. கேப்டனுக்குச் சம்பளத்தோடு வந்தது.

இன்னா பெத்ரிவ்னா தன் அறையிலேயே காவலில் இருந்தார். ஒல்லியான பெண்மணி, குட்டை முடி, மேல்கோட்டைக் கழற்றவில்லை. ஆராய்ச்சிப் பட்டம் சுவரில் சாய்ந்து தொங்கியது. எங்களைப் பார்த்ததும், “நீங்களும் என் தங்கச்சியைப் பத்திதான் கேப்பீங்களா?” என்றார்.

“இல்லம்மா. உங்க மகள் அனுப்பினாங்க” என்றார் மேடம்.

அந்த முகம் அப்படியே உடைந்தது. இன்னாவின் மகள் ஓக்ஸானா போர்முனையில் மருத்துவ உதவியாளர். அம்மாவைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அங்கிருந்தே மேடத்துக்கு ஃபோன் போட்டிருந்தாள்.

“ஆறாம் தேதி லீவுல வர்றா” என்றார் இன்னா. “அதான் நான் பழைய தேதியையே வச்சுக்கிட்டேன். அவ இல்லாம யாருக்கு விருந்து? இதைச் சொன்னா இந்தக் கேப்டனுக்குப் புரியல. இப்ப துரோகின்னு ஊரெல்லாம் பேரு போச்சுன்னா, அவ படைப்பிரிவுல என்ன முகத்தோட நிப்பா? காயம்பட்டவன் அவ கையால கட்டுப் போட்டுக்குவானா? நான் ஜெயிலுக்குக்கூடப் போறேன் மேடம். அந்த வார்த்தை மட்டும் அவமேல விழக்கூடாது.”

“முத்திரை போலின்னு ஏன் சொன்னீங்க?”

“துளை இல்லை” என்றார் அவர் சலிப்போடு. பல முறை சொல்லி அலுத்த குரல். “அந்தக் காலத்துல கடிதத்தைச் சுருட்டி நூல் கட்டுவாங்க. அந்த நூல் ஈயத்துக்குள்ள போயி, அதுக்கு மேலதான் முத்திரை குத்துவாங்க. நூல் போக வழியே இல்லாத முத்திரை எந்தக் கடிதத்தை மூடியிருக்கும்? சோவியத் காலத்துல ஊர்த் திருவிழாக்கடையில நினைவுப் பொருள்னு வித்தாங்களே, அது. நானே சின்ன வயசுல ஒண்ணு வாங்கியிருக்கேன்.”

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “அப்போ ரெண்டு நாட்டுக்கும் பொதுச் சொத்துதான்மா அது! அந்த மாஸ்கோ பேராசிரியரும் சின்ன வயசுல வாங்கியிருப்பார்.”

“ஸாவா, சும்மா இரு” என்றார் மேடம். ஆனால் உதட்டு ஓரம் லேசாக அசைந்தது. “கேப்டன், அந்த ஃபோட்டோவைக் காட்டுங்க.”

கேப்டன் ஃபோனை நீட்டினார். டிவித் திரையில் தெரிந்த படம். வெள்ளைத் துணிமேல் முத்திரை, பக்கத்தில் அளவுகோல். அவ்வளவுதான். மேடம் அதைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“டிவியில பொருளைக் காட்டினாங்களா, ஃபோட்டோவை மட்டுமா?”

“ஃபோட்டோதான். பொருளை லாக்கர்ல வச்சிருக்காங்களாம்.”

“ஆமா, இல்லாத பொருளை லாக்கர்லதான் வைக்க முடியும்” என்றேன்.

மேடம் இன்னாவின் பக்கம் திரும்பினார். “அம்மா, ஒரு சாதாரணக் கேள்வி. பண்டிகை மேஜைக்கு வைக்கோல் போட்டாச்சா?”

இன்னா விழித்தார். “ஆறாம் தேதி சாயங்காலம்தானே போடணும்? இன்னும் வாங்கவே இல்ல. இவங்க விட்டா நாளைக்குச் சந்தைக்குப் போகணும்.”

மேடம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “கேப்டன், வாங்க. லுபோமிர் வீட்டுல போய்ச் சூடா ஏதாவது குடிச்சிட்டு வரலாம்.”

“எதுக்கு?”

“எனக்குக் குளிருது” என்றார் மேடம்.

லுபோமிர் வீடு இரண்டு தெரு தள்ளி. வழியில் சைரன் ஒருமுறை ஊதி, தானே மனசு மாறி அடங்கியது. யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ரொட்டிக்கடை வரிசை அப்படியே நின்றது.

கதவைத் திறந்தவர் லுபோமிரின் மனைவி ஸொலோமியா. உருண்டையான முகம், மாவு படிந்த கை. வந்தவர்கள் யார் என்று கேட்பதற்கு முன்பே உள்ளே அழைத்து உட்கார வைத்துவிட்டார். புனிதர் படங்கள் வைத்த மூலையில் கோதுமைக் கதிர்க்கட்டு நின்றது. நீளமான மேஜையில் வெள்ளை விரிப்பு. லுபோமிர் பூவேலைச் சட்டையில் வந்தார். நல்ல உயரம், பெரிய மீசை. எந்த மேடையிலும் முதல் வரிசையில் உட்காரும் தோற்றம். ஆனால் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“அந்தப் பொம்பளை ஒத்துக்கிட்டாளா?” என்றார்.

“இன்னும் இல்ல சார்” என்றார் மேடம். “நீங்க அந்தப் பேராசிரியரைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?”

“நினைக்க என்ன இருக்கு! மாஸ்கோ வெறும் காடா இருந்தப்போ இங்க கல்லுல சர்ச் கட்டி, வாரிசுச் சண்டையே போட்டு முடிச்சாச்சு. பேரைத் திருடினான், இளவரசனைத் திருடினான், புனிதரைத் திருடினான். இப்ப முத்திரை. ஒண்ணு பாருங்க, இத்தனை நாள் நம்ம ஆளுங்களே அதை நம்பல. அவன் கேட்டதும் இப்ப கீவ்ல இருந்து அமைச்சகமே ஃபோன் பண்ணுது!”

சொல்லும்போது அவர் குரலில் கோபத்தைவிட வேறு ஏதோ ஒன்று அதிகமாக இருந்தது. பெருமை மாதிரி. அது எனக்கு உறுத்தியது. அந்த நேரத்தில் ஏன் என்று தெரியவில்லை.

ஸொலோமியா உலர்பழம் கொதிக்க வைத்த இனிப்புச் சாற்றைக் கொண்டுவந்தார். மேடம் டம்ளரை வாங்கி மேஜைமேல் வைத்தார். டம்ளர் சாய்ந்தது. பிடிப்பதற்குள் பாதி கொட்டிவிட்டது.

“ஐயோ, பார்த்து வைங்கக்கா, அடியில வைக்கோல் இருக்கு!” என்று துணியோடு ஓடி வந்தார் ஸொலோமியா. “ஏசு பிறந்த தொழுவத்து ஞாபகமா போடறது, ஞானஸ்நானப் பண்டிகை வரைக்கும் எடுக்க மாட்டோம். நாலு மூலையிலும் பூண்டு வேற. கெட்டது அண்டாதுன்னு.”

“இப்படியே இருக்கட்டும்மா” என்றார் மேடம். “கேப்டன், ஃபோனை இந்த விரிப்புப் பக்கத்துல வைங்க.”

கேப்டன் வைத்தார். நான் குனிந்து பார்த்தேன். ஃபோட்டோவில் முத்திரைக்குக் கீழே துணி சமமாக இல்லை. சிறு சிறு மேடாக, குச்சி குச்சியாக நெளிந்திருந்தது. ஒரு மூலையில் துணிக்கடியில் உருண்டையாக ஒரு வீக்கம்.

“மாஸ்கோக்காரங்க இஸ்திரி போட மாட்டாங்க போல” என்றேன்.

“வைக்கோலை எப்படி இஸ்திரி போடறது?” என்றார் மேடம். “இது கிறிஸ்துமஸ் விருந்து மேஜை. அடியில வைக்கோல், மூலையில பூண்டு.”

லுபோமிர் சிரிக்கப் பார்த்தார். “அதுல என்ன? அந்தப் பக்கத்துக் கிராமங்கள்லயும் வைக்கோல் போடறவங்க இருக்காங்க. அதையும் நம்மகிட்டதான் திருடினாங்க.”

“இருக்காங்க. யார் யார்கிட்ட திருடினாங்கன்னு எனக்குத் தெரியாது, கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு” என்றார் மேடம். “ஆனா அவங்க விருந்து நாளை மறுநாள்தான் சார், ஆறாம் தேதி. படம் வந்தது ரெண்டாம் தேதி. அன்னைக்கு மாஸ்கோவுல எந்த மேஜையிலயும் வைக்கோல் கிடையாது. மாஸ்கோ தேதி மாஸ்கோ தேதின்னு நீங்க எல்லாரும் சொன்ன இன்னா வீட்டு மேஜையிலயும் கிடையாது. டிசம்பர் இருபத்திநாலுல விருந்து வச்ச மேஜையிலதான் இருக்கும். அப்படிப்பட்ட மேஜை, கையில பெட்டிச் சாவி. ரெண்டும் ஒரே வீட்டுலதான் இருக்கு.”

ஸொலோமியா கையில் ஈரத் துணியோடு கணவனையே பார்த்தார்.

“விரிப்பு ஊர்ல ஆயிரம் இருக்கும்” என்றார் லுபோமிர். குரல் கீழே போயிருந்தது.

“இருக்கும். ஆனா ஃபோட்டோ ஓரத்துல ஒரு சேவல் தெரியுது. வாலே இல்லாம நிக்குது. ஸாவா, அந்தக் கரையைப் பார்.”

விரிப்பின் கரை நெடுக சிவப்பு நூலில் சேவல்கள். கடைசிச் சேவலுக்கு வால் இல்லை.

“சிவப்பு நூல் தீர்ந்துபோச்சு” என்றார் ஸொலோமியா மெல்ல. “கடையில அப்புறம் அந்த நிறமே வரல. லுபோமிர்... நீ என்ன பண்ணினே?”

லுபோமிர் நாற்காலியில் உட்காரவில்லை, விழுந்தார். கேப்டன் இடுப்பில் கை வைத்தார். “எவ்வளவு வாங்கினே அவன்கிட்ட?” என்று கத்தினார்.

“வாங்கினேனா?” லுபோமிரின் முகம் கன்றிவிட்டது. “அவன் காசை நான் தொடுவேனா? என் தங்கச்சி மகன் தன்யா தோண்டி எடுத்தது அது. பதுங்குகுழியில இருந்து நேரா என் கையில கொண்டுவந்து குடுத்தான். ‘மாமா, இது நம்மளோடது, பாரு, நாம இங்கதான் இருந்திருக்கோம்’னான். அடுத்த வாரம் அவனையே அந்தக் குழியில இருந்து எடுத்தாங்க. இந்தம்மா ஒரு கண்ணாடியை வச்சுப் பார்த்துட்டு, திருவிழாக்கடைச் சாமான்னுட்டாங்க! கீவ்ல இருந்தும் ஒருத்தரும் எட்டிப் பார்க்கல. சோதனைக்கு அனுப்பப் போறாங்கன்னு தெரிஞ்சுது. அதுக்குள்ள, அன்னைக்கு விருந்துக்கு வீட்டுக்குக் கிளம்பும்போதே எடுத்துட்டேன்.”

“எடுத்துட்டு, மாஸ்கோவுக்கு ஏன் ஃபோட்டோ அனுப்பினீங்க?” என்றேன். உண்மையிலேயே எனக்குப் புரியவில்லை.

மேடம்தான் பதில் சொன்னார். “அவன் கேட்டாத்தானே நம்ம ஆளுங்க நம்புவாங்க.”

லுபோமிர் தலையை ஆட்டினார். “பேரில்லாம அனுப்பினேன். அந்த ஆளு ஒரு நாள்கூட யோசிக்கல. எங்களுதுன்னுட்டான். அன்னைக்கு ராத்திரியே நாடு பூரா எங்களுதுன்னு கத்துச்சு. தன்யா தோண்டினது நிஜமாயிடுச்சு.”

கேப்டனின் கை இடுப்பிலிருந்து தானாக இறங்கியது. எனக்கும் நக்கல் ஒன்றும் வரவில்லை. அந்த ஆளை அறையலாம் போலவும் இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்து அழலாம் போலவும் இருந்தது. இரண்டுக்கும் தெம்பில்லை.

“இன்னாவைப் பிடிச்சாங்களே. அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமே?” என்றார் மேடம்.

“விட்டுடுவாங்கன்னு நினைச்சேன்” என்றார். பிறகு, “இல்ல. நினைக்கவே இல்ல” என்றார்.

முத்திரை அவர் சட்டைக்குள்தான் இருந்தது. கழுத்துக் கயிற்றில் சின்னத் துணிப்பை ஒன்று, அதற்குள் தைத்து வைத்திருந்தார்.

“நேரா கயித்துல கோத்திருக்கலாமே, ஏன் பை?” என்று கேட்டார் மேடம், கேட்க விருப்பமில்லாத குரலில்.

லுபோமிர் கயிற்றைக் கழுத்திலிருந்து கழற்றினார். கோக்கத் துளை இல்லை. ஒவ்வொரு நாளும் அதைத் தடவிப் பார்த்த கைக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

அருங்காட்சியகத்துக்குத் திரும்பியபோது பன்னிரண்டு ஆகச் சில நிமிடங்கள்தான் இருந்தன. கேப்டன் இன்னாவின் அறைக் காவலை விலக்கினார். மன்னிப்பு மாதிரி ஏதோ ஒன்றை முனகினார். பிறகு மேஜைமேல் முத்திரையை வைத்து நடந்ததைச் சொன்னார். லுபோமிர் வாசலருகே இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் நின்றார்.

இன்னா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “அப்போ என் பேர் வராது?” என்று மட்டும் கேட்டார்.

“வராதும்மா. மகளுக்கு நானே ஃபோன் பண்றேன்” என்றார் மேடம்.

கேப்டன் ஃபோனில் செய்திக் குறிப்பை அவசரமாகத் திருத்திக்கொண்டிருந்தார். முந்தைய குறிப்பை அப்படியே வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றுகிறார் என்பது எட்டிப் பார்த்த எனக்குத் தெரிந்தது. சத்தமாகப் படித்தார்: “எதிரியுடன் தொடர்பு வைத்திருந்த துரோகி, துணை இயக்குநர் லுபோமிர்...”

“அந்த வார்த்தையை எடுங்க” என்றார் இன்னா.

“எந்த வார்த்தை?”

“உங்களுக்குத் தெரியும். புது வருஷத்துல இருந்து அதை என் தலையில வச்சிருந்தீங்க. கழுத்து வலிக்குது கேப்டன்.”

“அவன் எதிரிக்கு ஃபோட்டோ அனுப்பியிருக்கான்!”

“திருடியிருக்கார், திருடன்னு போடுங்க. பொய் சொன்னார், அதையும் போடுங்க. நான் மாட்டினப்போ வாயை மூடிட்டு வீட்டுல விருந்துச் சாப்பாடு சாப்பிட்டார், அதையும் போடுங்க, நான் கையெழுத்துப் போடறேன். அது மட்டும் அவர் இல்ல. அவருக்கும் தங்கச்சி இருக்கா, மகனைக் குடுத்துட்டு உட்கார்ந்திருக்கா. அவ கதவுல நாளைக்கு யாரு என்ன எழுதிட்டுப் போவாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், பேர் வெளியே வர்றதுக்கு முன்னாடியே என் கதவுல எழுதியாச்சு.”

கேப்டன் மேடத்தைப் பார்த்தார். மேடம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். “திருடன்கிறது போதும் கேப்டன். அதுக்கே கோர்ட்டுல வேலை இருக்கு” என்றார் கண்ணைத் திறக்காமல்.

கேப்டன் பெருமூச்சு விட்டார். கட்டைவிரலால் அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாக அழித்தார். பிறகு, “அந்த மாஸ்கோ பேராசிரியருக்கு இது போலின்னு அறிவிக்கணுமா?” என்றார்.

“எதுக்கு சார்? அழுது முடிச்ச மனுஷன். போலி மட்டும் அவருக்கே இருக்கட்டும்” என்றேன். அன்றைக்கு முதல்முறையாக இன்னா சிரித்தார். ஒரு நொடிதான்.

போலீஸ்காரர்கள் லுபோமிரைத் திருப்பினார்கள். அவர் நகரவில்லை.

“இன்னா பெத்ரிவ்னா, என்னை மன்னிச்சிட்டீங்களா?”

இன்னா மேல்கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். போட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“இல்ல” என்றார். “அந்த வார்த்தை உங்களுக்குப் பொருந்தல, உண்மையைச் சொன்னேன். உங்க முத்திரையைப் பத்தியும் அதைத்தான் சொன்னேன்.”